மண் பாக்டீரியா தட்டில் சொதப்பும்போது: அறிகுறி பார்த்துச் சரிசெய்வது

விடுமுறை நாட்களில் மொட்டை மாடி அறையில் ஏழெட்டுப் பிள்ளைகளுக்கு மண்ணிலிருந்து பாக்டீரியா பிரித்து வளர்க்கச் சொல்லித் தருகிறேன். வருகிற புகார்கள் ஆறேழுதான், ஆள்தான் மாறும். எல்லோரும் "மண்ணு சரியில்ல சார்" என்றுதான் ஆரம்பிப்பார்கள். மண்மேல் பழி போடாதீர்கள். ஒரு கிராம் தோட்ட மண்ணில் கோடிக்கணக்கில் பாக்டீரியா இருக்கிறது. தப்பு, ஊடகத்தை வேகவைத்துக் கிருமி நீக்குகிற குக்கரிலோ கையிலோ இருக்கும், பெரும்பாலும் பொறுமையில். (ஊடகம் என்பது பாக்டீரியா வளர, கடல்பாசிப் பொருளான அகர் சேர்த்து உறையவைக்கிற சத்துக் கூழ்.)

கீழே எந்த அறிகுறிக்குப் போனாலும் முதலில் பார்க்க வேண்டியது வெறும் தட்டு, அதாவது ஊடகம் மட்டும் ஊற்றி மண் போடாத தட்டு. ஒவ்வொரு முறை ஊடகம் ஊற்றும்போதும் இரண்டு தட்டு கூடுதலாக ஊற்றுங்கள். ஒன்றைத் திறக்கவே கூடாது. இன்னொன்றை, நீங்கள் வேலை செய்யும் நேரம் முழுக்க மேசையில் திறந்தே வைத்து, வேலை முடிந்ததும் மூடுங்கள். மண் போட்ட தட்டுகளோடு சேர்த்து இரண்டையும் வையுங்கள். இந்த இரண்டு தட்டு இல்லாமல் என்னிடம் வந்து "என்ன தப்பு?" என்று கேட்டால், ஜோசியம்தான் சொல்ல முடியும்.

மண் எடுக்கும் இடம்: வெயில் படுகிற தோட்டத்து மண், செடிகளின் வேரடி மண், கடலைக் கொல்லை. வேண்டாத இடம்: சேற்று வயல், சாக்கடை ஓரம், மாட்டுத் தொழுவம், கோழிக்கூடு, செத்த கால்நடையைப் புதைத்த இடம், மருத்துவமனை சுற்றுப்புறம். சேற்று வயல் ஏன் வேண்டாம் என்று கடைசிப் பகுதியில் சொல்கிறேன். கையுறை எப்போதும் வேண்டும்.

## அகர் உறையவில்லை, கூழாக நிற்கிறது

அளவு குறைவு. ஆய்வக அகர் என்றால் 100 மி.லி.க்கு ஒன்றரை கிராம் போதும். மளிகைக் கடைக் கடல்பாசி அந்த அளவுக்கு இறுகாது, இரண்டு கிராம் போடுங்கள். நோன்பு மாதத்தில் எல்லாக் கடையிலும் கிடைக்கிற பாக்கெட்டுகளில் சர்க்கரையும் நிறமும் கலந்தவை உண்டு. பின்பக்கம் படித்துவிட்டு வெறும் கடல்பாசியாக வாங்குங்கள்.

முழுதாகக் கரையவில்லை. பாட்டிலின் அடியில் கண்ணாடித் துணுக்குபோல் கட்டி தெரிந்தால் இதுதான். அகர் கரைய 85 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும், ஆனால் உறைவது 40 டிகிரிக்குக் கீழே. குக்கரில் வைப்பதற்கு முன்பே கொதிக்கவிட்டுக் கலக்குங்கள்.

புளிப்பு. உருளைக்கிழங்குச் சாறோ தக்காளிச் சாறோ சேர்த்த ஊடகத்தைக் குக்கரில் நெடுநேரம் வைத்தால் அமிலத்தில் அகர் உடைந்துவிடும். பி.எச். தாளில் பார்த்து 7 அருகே கொண்டுவந்த பிறகு வேகவையுங்கள்.

இந்த மூன்றும் சரியாக இருந்தும் உறையவில்லை என்றால் பாக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு ஆய்வகக் கடையில் அகர் வாங்குங்கள். இங்கே கஞ்சத்தனம் வேண்டாம்.

## மண் போடாத தட்டிலேயே முளைக்கிறது

எந்த வெறும் தட்டில் முளைத்தது என்பதுதான் கேள்வி.

### திறக்காத தட்டிலும் முளைத்தால்

குக்கர் வேலை சரியில்லை. வெயிட்டை எப்போது போட்டீர்கள் என்று யோசியுங்கள். உள்ளே இருக்கிற காற்று வெளியேறாமல் வெயிட் போட்டால் விசில் வரும், ஆனால் சூடு 121 டிகிரிக்கு வராது. மூடியைப் போட்டு, ஆவி சீராக ஒரு நிமிடமாவது பீய்ச்சட்டும், அப்புறம் வெயிட். முதல் விசிலுக்குப் பின் அடுப்பைத் தணித்து 20 நிமிடம். சாதம் வைக்கிற கணக்கில் மூன்று விசிலோடு இறக்குகிறவர்கள்தான் இந்தப் புகாரோடு வருகிறார்கள்.

பாட்டிலை முக்கால்வாசிக்கு மேல் நிரப்பினாலும் நடுப்பகுதி சூடேறாது. பாதி போதும். மூடியைத் தளர்வாக வையுங்கள், இறுக்கினால் வெடிக்கும். ஆவியைப் பிடுங்கி இறக்காமல் தானாக அடங்கவிடுங்கள், இல்லாவிட்டால் ஊடகம் பொங்கி மூடியை நனைக்கும். நனைந்த மூடி வழியாகப் பூஞ்சை உள்ளே நடந்து வரும்.

அப்படியும் முளைக்கிறதா? ரப்பர் வளையம் தளர்ந்திருக்கும். வளையம் மாற்றியும் சரியாகவில்லை என்றால் குக்கர் பழுது பார்ப்பவரிடம் வால்வைக் காட்டுங்கள். சாப்பாட்டுக் குக்கரை இதற்குப் பயன்படுத்தவே வேண்டாம். பழையது ஒன்றை இதற்கென்றே ஒதுக்குங்கள், வீட்டிலும் சண்டை வராது.

### திறந்து வைத்த தட்டில் மட்டும் முளைத்தால்

காற்று. மின்விசிறியை நிறுத்தியாயிற்றா? நிறுத்திய கையோடு வேலையைத் தொடங்காதீர்கள், அறைத் தூசி அடங்கப் பதினைந்து நிமிடம் கொடுங்கள். பெருக்கிய உடனே தட்டு திறப்பது, தாளிப்பதற்கு நேரே ஜன்னலில் துணி உதறுவதுபோல. ஸ்பிரிட் விளக்கின் சுடருக்கு ஒரு சாண் தூரத்துக்குள் வேலை செய்யுங்கள். தட்டை முழுசாகத் திறக்காமல் ஒரு பக்கம் மட்டும் சிப்பிபோல் தூக்குங்கள். விளக்குப் பக்கத்தில் ஸ்பிரிட் பாட்டில், சானிட்டைசர் எதுவும் இருக்கக் கூடாது. ஸ்பிரிட் பூசிய கை காயாமல் நெருப்புப் பக்கம் போகக் கூடாது. பகல் வெளிச்சத்தில் ஸ்பிரிட் சுடர் கண்ணுக்கே தெரியாது.

### புள்ளிகள் வரிசையாக, நடந்து போன தடம்போல் இருந்தால்

எறும்பு. சில சமயம் கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணி. ஒரு பையன் இதை "புது வகை பாக்டீரியா சார், ஸ்டெப் ஸ்டெப்பா வளருது" என்று பரவசமாகக் கொண்டுவந்தான். சர்க்கரை டப்பாவுக்குச் செய்கிற வைத்தியமே இதற்கும்: அகலத் தட்டில் தண்ணீர் ஊற்றி, நடுவில் கிண்ணத்தைக் கவிழ்த்து, அதன்மேல் பெட்டியை வையுங்கள். தடம் விழுந்த தட்டுகளை உடனே ஒழியுங்கள். ஒன்றிலிருந்து எல்லாவற்றுக்கும் போய்விடும்.

## தட்டு முழுக்கப் பாலாடைபோல் ஒரே படலம்

### எல்லாத் தட்டிலும் ஒரேபோல் இருந்தால்

நீர்க்கவில்லை. மண்ணைக் கரைத்து அப்படியே ஊற்றியிருக்கிறீர்கள். ஒரு கிராம் மண்ணை 9 மி.லி. கொதித்து ஆறிய உப்பு நீரில் கலக்கி (100 மி.லி.க்குக் கல்லுப்புப் பொடி ஒரு கிராமுக்குச் சற்றுக் குறைவாக), அதிலிருந்து 1 மி.லி. அடுத்த 9 மி.லி.க்கு, அதிலிருந்து இன்னொன்றுக்கு என்று ஐந்து குழாய் போங்கள். மருந்துக் கடையில் ஊசி இல்லாமல் கிடைக்கிற 1 மி.லி. சிரிஞ்ச் இதற்கு அருமையான கருவி. குழாய்க்குக் குழாய் புது சிரிஞ்ச். மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது குழாய்களிலிருந்து தலா 0.1 மி.லி. தட்டில் பரப்புங்கள். எண்ணிப் பார்த்தால் 30 முதல் 300 காலனி (பாக்டீரியா பெருகிக் கண்ணுக்குத் தெரிகிற புள்ளி) வருகிற தட்டுதான் உங்களுக்கு வேண்டியது.

குழாயைக் குலுக்காமல் உறிஞ்சினால் கணக்கு எல்லாம் வீண். மண்துகளோடு பாக்டீரியா அடியில் உட்கார்ந்துவிடும்.

### நீர்த்தும் படலம் வந்தால்

தட்டில் ஈரம். நான் பார்த்த தட்டுகளில் பாதிக்கு மேல் கெட்டது இதனால்தான். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் மூடியில் வியர்த்து, துளி சொட்டி, காலனிகள் ஒன்றோடொன்று நீச்சலடித்துக் கலக்கும். பாட்டிலை வெறுங்கையில் பிடிக்க முடிகிற சூட்டுக்கு, 50 டிகிரி வாக்கில், ஆறவிட்டு ஊற்றுங்கள். உறைந்த பிறகு ஒரு நாள் கவிழ்த்து வைத்துக் காயவிட்டு, மறுநாள் மண்நீர் பரப்புங்கள். அதன் பிறகும் எப்போதும் கவிழ்த்தே வைக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒரு நாள் போதாது, இரண்டு நாள் விடுங்கள்.

### ஓரிடத்திலிருந்து வேர்போல், அலைபோல் ஓடினால்

அது ஓடுகாலி வகை. மண்ணில் பசில்லஸ் குடும்பத்தில் இப்படிப் பல உண்டு. நல்ல சத்துள்ள ஊடகத்தில்தான் இவர்களுக்குக் கொண்டாட்டம். ஊடகத்தின் சத்தைப் பத்தில் ஒரு பங்காகக் குறையுங்கள். அகரைக் கால் பங்கு கூட்டுங்கள். மூன்றாம் நாள் ஓட்டம் தொடங்குமுன், இரண்டாம் நாளே வேண்டிய காலனியைத் தொட்டு எடுத்துவிடுங்கள்.

வெள்ளையாக, மங்கலாக, மெழுகுபோல் பெரிதாகப் பரவுகிற காலனிகளில் சாப்பாட்டை நஞ்சாக்கும் வகையும் இருக்கலாம். கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது. அவற்றைத் தனியாக வளர்க்க ஆசைப்படாதீர்கள்.

## பஞ்சுப் பூஞ்சை எல்லாவற்றையும் மூடிவிட்டது

முதலில் அது பூஞ்சைதானா? மண்வாசனைக்குக் காரணமான ஜியோஸ்மினைச் செய்கிற ஸ்ட்ரெப்டோமைசிஸ், பாக்டீரியாவாக இருந்தும் இழை விட்டுத்தான் வளரும். பிள்ளைகள் இதைப் பூஞ்சை என்று தூக்கிப் போட்டு அழிப்பதைப் பலமுறை தடுத்திருக்கிறேன். ஸ்ட்ரெப்டோமைசிஸ் காலனி மிளகளவுதான் இருக்கும்; மேலே சுண்ணாம்பு பூசியதுபோல் மாவு, அடியில் தோல்போல் இறுக்கம். காய்ச்சி ஆறிய கம்பியால் தள்ளினால் நகராது, அகருக்குள் வேர் பிடித்திருக்கும். பூஞ்சை நாலே நாளில் ரூபாய்க் காசைத் தாண்டிப் பஞ்சாக எழும்பும். வாசனை பார்க்கிறேன் என்று தட்டைத் திறந்து மூக்கை வைக்காதீர்கள். ஜியோஸ்மின் மிக மிகக் குறைந்த அளவிலேயே நம் மூக்குக்கு எட்டும், மூடிய தட்டிலிருந்தே வரும்.

பூஞ்சைதான் என்றால், செலவில்லாத வைத்தியம் மண்ணைக் காயவைப்பது. நிழலில், காகிதத்தில் பரப்பி ஒரு வாரம். பலவகை பாக்டீரியா செத்துப்போகும், ஸ்ட்ரெப்டோமைசிஸ் வித்துகள் தாங்கும். பத்துப் பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு கால்சியம் கார்பனேட் கலந்து காயவைத்தால் இன்னும் நல்லது. கரும்பலகைச் சாக்பீஸைப் பொடித்துப் போடாதீர்கள், அது பெரும்பாலும் ஜிப்சம். அடுத்து ஊடகத்தின் பி.எச். 7க்குக் கீழே இறங்காமல் பாருங்கள், புளிப்பு பூஞ்சைக்குத்தான் பிடிக்கும். சர்க்கரையை விட்டுவிட்டு ஸ்டார்ச்சுக்கு மாறுங்கள்.

ஆய்வகப் புத்தகங்கள் சைக்ளோஹெக்சமைடு சேர்க்கச் சொல்லும். அது கடும் நஞ்சு. வீட்டுக்கு வேண்டாம். மாத்திரைப் பெட்டியில் மிச்சமிருக்கிற ஆன்டிபயாடிக்கைப் பொடித்துப் போடுவது அதைவிட மோசம், மருந்துக்கு அடங்காத பாக்டீரியாவை நீங்களே பொறுக்கி வளர்க்கிறீர்கள் என்று அர்த்தம். காயவைத்தும் பூஞ்சை அடங்கவில்லை என்றால் வேறு இடத்து மண்ணை எடுங்கள், அவ்வளவுதான்.

## எதுவுமே முளைக்கவில்லை

எத்தனை நாள் ஆயிற்று? மூன்று நாளில் வந்து புலம்புகிறவர்களைத் திருப்பி அனுப்பிவிடுவேன். ஸ்ட்ரெப்டோமைசிஸ் வெளியே தெரியவே நாலைந்து நாள் ஆகும், மாவு பூத்து நிறம் காட்ட ஏழு முதல் பதினான்கு நாள்.

பத்து நாளாகியும் வெறுமையா? கம்பி சூடாக இருந்திருக்கும். சிவக்கக் காய்ச்சிய நிக்ரோம் கம்பியை அகரின் ஓரத்தில் தொட்டுப் பாருங்கள், "சுர்" என்றால் ஆறவில்லை. மண்நீர் பரப்பும் கண்ணாடிக் கம்பிக்கும் இதே சோதனை. அடுத்து, குழாய்களை டெட்டால் போட்டுக் கழுவினீர்களா? அலசினாலும் கொஞ்சம் ஒட்டியிருக்கும். சோப்பும் கொதிநீரும் போதும்.

வைத்திருக்கும் இடத்தையும் பாருங்கள். சித்திரை வைகாசியில் மொட்டை மாடி அறை 40 டிகிரி தாண்டும், தட்டு அப்பளமாகிவிடும். 28 முதல் 30 டிகிரி உள்ள, வெயில் படாத அலமாரி போதும். 37 டிகிரியில் வைக்கவே வைக்காதீர்கள். அது நம் உடம்புச் சூடு, அந்தச் சூட்டை விரும்புகிறவர்கள் நமக்கு விருந்தாளிகள் அல்லர். பத்து நாள் தாங்க வேண்டிய தட்டில் 25 மி.லி. ஊடகம் கனமாக ஊற்றுங்கள். ஓரம் முழுக்க டேப் சுற்றாமல் இரண்டு இடத்தில் மட்டும் ஒட்டுங்கள். காற்றே இல்லாத தட்டில் நமக்கு வேண்டாத வகைகள் தலைதூக்கும்.

ஊடகத்தின் மேலேயே சந்தேகம் வந்தால் வேளாண் விரிவாக்க மையத்தில் ரைசோபியம் (கடலை போன்ற செடிகளின் வேர்முடிச்சில் வாழும் பாக்டீரியா) அல்லது பாஸ்போபாக்டீரியா உயிர் உரப் பாக்கெட் ஒன்று வாங்கி, அதில் சிட்டிகை எடுத்து நீர்த்துப் பரப்புங்கள். அதுவும் வரவில்லை என்றால் ஊடகம்தான் குற்றவாளி. அது வந்து மண் மட்டும் வரவில்லை என்றால், பூச்சிமருந்து தெளித்த இடத்து மண்ணா என்று கேட்டுப் பாருங்கள்.

## வேர்முடிச்சிலிருந்து எடுத்தேன், கண்டதெல்லாம் வருகிறது

கடலைச் செடி முடிச்சு வைத்துத்தான் எல்லோரும் ஆரம்பிக்கிறார்கள். அங்கேதான் ஏமாற்றமும்.

முடிச்சு கிழடு. பிளேடால் வெட்டிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் உயிரோட்டமான முடிச்சு. நம் ரத்தத்தின் ஹீமோகுளோபினுக்கு ஒன்றுவிட்ட சொந்தம் ஒன்று அங்கே இருக்கிறது. பச்சையோ பழுப்போ என்றால் தூக்கிப் போடுங்கள். பூக்கிற பருவத்துச் செடியே ஏற்றது.

மேல்தோல் சுத்தமாகவில்லை. முடிச்சை உடைக்காமல், ஒட்டின வேரோடு வெட்டி, ஸ்பிரிட்டில் பத்து விநாடி, பிறகு வீட்டு ப்ளீச் திரவத்தைச் சமபங்கு நீர் சேர்த்து அதில் மூன்று நிமிடம், பிறகு கொதித்து ஆறிய நீரில் ஐந்து முறை அலசல். பழைய செய்முறைகளில் பாதரசக் குளோரைடு இருக்கும், தொடவே தொடாதீர்கள். சோதனை எளிது: கடைசி அலசல் நீரில் ஒரு சொட்டை ஒரு தட்டில் விடுங்கள். அங்கே முளைத்தால் உங்கள் சுத்தம் போதவில்லை, மற்றத் தட்டுகளை நம்ப வேண்டாம்.

அவசரம். கடலையில் இருப்பது பிராடிரைசோபியம், மெதுவாக வளர்கிற இனம். ஐந்து முதல் ஏழு நாள், சில சமயம் அதற்கும் மேல். இரண்டாம் நாள் கொழுகொழுவென்று வந்து நிற்கிறதே, அது வேறு யாரோ. சீக்கிரம் பார்க்க ஆசையா, வெந்தயச் செடி முடிச்சை எடுங்கள். அதிலுள்ளது வேகமான இனம், மூன்று நாள் போல் போதும்.

சாயம். மானிடால், ஈஸ்ட் சாறு ஊடகத்தில் காங்கோ ரெட் சேர்த்தால் ரைசோபியம் காலனி வெளுப்பாகவே நிற்கும், வேண்டாதவை சாயத்தைக் குடித்துச் சிவக்கும். எல்லாமே சிவந்தால் தட்டை வெளிச்சத்தில் வைத்தீர்களா என்று பாருங்கள், இருட்டில் வைக்க வேண்டும். சாயத்தூளை வெறுங்கையால் தொடாதீர்கள்.

வெளுத்த, கோந்துபோன்ற காலனி வந்துவிட்டது என்பதால் மட்டும் அது ரைசோபியம் ஆகிவிடாது. கொதிநீரில் வேகவைத்த மணலில் அதே பயிரின் விதையை முளைக்கவிட்டு, காலனியைக் கரைத்து வேரில் ஊற்றி, ஒரு மாதம் கழித்துப் பிடுங்கிப் பாருங்கள். பக்கத்தில் எதுவும் ஊற்றாத தொட்டி ஒன்றும் இருக்கட்டும். காலனி ஊற்றிய தொட்டியில் மட்டும் முடிச்சு வந்தால்தான் அடையாளம் உறுதி.

## தனியாகப் பிரித்தது மறுபடி கலந்துவிடுகிறது

காலனியைக் கம்பியில் தொட்டு, புதுத் தட்டில் நாலு பகுதியாகக் கோடிழுக்கிறபோது ஒவ்வொரு பகுதிக்கும் இடையே கம்பியைச் சுடுகிறீர்களா? முக்கால்வாசிப் பேர் முதல் தடவை மட்டும் சுடுகிறார்கள். நான்காம் பகுதியில் கோடு முதல் பகுதியைத் தொடவும் கூடாது.

அதுவும் சரி என்றால், ஒட்டி வளர்ந்த இரட்டைக் காலனியைத் தொட்டிருப்பீர்கள். தனித்து நிற்கிற காலனியின் மேற்பரப்பை மட்டும் தொடுங்கள், அடிவரை குத்தாதீர்கள். மூன்று முறை அடுத்தடுத்துக் கோடிழுத்து, மூன்றிலும் ஒரே முகம் வந்தால்தான் தனி வகை. கோந்து சுரக்கிற வகைகளுக்கு இதுவும் பலிக்காது, உள்ளே வேறொன்று ஒளிந்திருக்கும். அப்போது காலனியை உப்புநீரில் நன்றாகக் குலுக்கி, மறுபடி நீர்த்துப் பரப்ப வேண்டும்.

ஸ்ட்ரெப்டோமைசிஸ் சில முறை மாற்றி நட்ட பிறகு மாவு பூப்பதை நிறுத்தி மொட்டையாக வருவதுண்டு. கலப்படம் இல்லை, அந்த வகைக்கு அது வழக்கம். முதல் தட்டிலிருந்தே மாவைச் சாய்வு அகர் குழாய் (ஊடகத்தைச் சாய்வாக உறையவிட்ட குழாய்) ஒன்றில் சேமித்து, பெயர், தேதி, மண் எடுத்த இடம் மூன்றும் எழுதிப் பூட்டிய பெட்டியில் வையுங்கள். சாப்பாட்டு ஃபிரிட்ஜில் இடம் கேட்காதீர்கள்.

## வீட்டோடு நிறுத்த வேண்டிய இடம்

காலனியின் பெயர் தெரிந்தே ஆக வேண்டுமா, பக்கத்துக் கல்லூரியின் நுண்ணுயிரியல் துறையில் முதலில் கேளுங்கள், கிராம் சாயம் (பாக்டீரியாவை இரண்டு பெரும் பிரிவாகப் பிரித்துக் காட்டும் சாயம்) போட்டுக் காட்டுவார்கள். அதற்கு மேல், பாக்டீரியாவின் இனத்தை அடையாளம் காட்டும் 16எஸ் மரபணு வரிசை பார்க்க வேண்டும். சண்டிகரின் எம்.டி.சி.சி., புனேயின் என்.சி.ஐ.எம். போன்ற நுண்ணுயிர்ச் சேமிப்பகங்கள் கட்டணத்துக்கு அடையாளம் கண்டு தருகின்றன. கல்லூரி ஆசிரியர் ஒருவர் வழியாகப் போவது சுலபம். நீங்களாகத் தபாலில் தட்டு அனுப்பாதீர்கள்.

சேற்று வயல் வேண்டாம் என்றதற்குக் காரணம் மெலியாய்டோசிஸ். பர்க்ஹோல்டேரியா சூடோமல்லை என்ற மண் பாக்டீரியா தருகிற நோய், தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் உண்டு, மழைக்காலத்தில் கூடும். காயம் வழியாகவும் மூச்சு வழியாகவும் புகும். சர்க்கரை நோய் உள்ளவர்களை அதிகம் தாக்கும். அவர்களும், கர்ப்பிணிகளும், நோய் எதிர்ப்பைக் குறைக்கிற மருந்து சாப்பிடுகிறவர்களும், கையில் ஆறாத புண் உள்ளவர்களும் இந்தப் பொழுதுபோக்கைத் தள்ளிவைப்பது நல்லது. மண் வேலை செய்த சில வாரங்களுக்குள் விடாத காய்ச்சல், இருமல், சீழ்க்கட்டி வந்தால் மருத்துவரிடம் போங்கள். போனதும் "மண்ணில் பாக்டீரியா வளர்த்தேன்" என்பதைச் சொல்லுங்கள். கேட்கும்வரை காத்திருக்காதீர்கள், அவர்களுக்குக் கேட்கத் தோன்றாது. டி.டி. (டெட்டனஸ்) ஊசி போட்டு எத்தனை வருடம் ஆயிற்று என்பதையும் ஆரம்பிக்குமுன்பே பாருங்கள்.

வேலை முடிந்த தட்டுகளைத் திறக்காமல், ஒரு எவர்சில்வர் டப்பாவுக்குள் வைத்து, ஒதுக்கிய குக்கரில் 30 நிமிடம் வேகவைத்துத்தான் குப்பையில் போட வேண்டும். டப்பா இல்லாமல் வைத்தால் பிளாஸ்டிக் தட்டு உருகிக் குக்கர் அடியில் ஒட்டிக்கொள்ளும். என் குக்கரில் ஒட்டியது இன்னும் வரவில்லை.